உள்ளே மடக்கிய கம்பி

மச்சான்,

இன்று காலை பட்டறை வாசலில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. பேனட் இடுக்கில் வெள்ளையாக ஆவி. டிரைவர் இறங்குவதற்குள் வாசனை வந்துவிட்டது. வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி, தித்திப்பும் தீய்ச்சலும் கலந்த அந்த வாசனை. என்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் கசிந்து சூட்டில் காய்ந்தால் வருவது. திருப்போரூர் கோயில் மடப்பள்ளியில் பொங்கல் அடிப்பிடித்தாலும் என் மூக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். சென்னை வரைக்கும் இந்த மூக்குக்குப் பெயர் உண்டு. நீ இருந்திருந்தால், "சென்னையோட இன்னாத்துக்கு நிறுத்தற, டில்லின்னு சொல்லு மாமா, யாரு கேக்கப் போறா" என்றிருப்பாய்.

"மூடியத் தொடாத, ஆறட்டும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நம் பழைய ஸ்டூலை வேப்ப நிழலில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ஜின் ஆறுகிற வரைக்கும் செய்ய வேலை கிடையாது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு நமக்கு ஒரு சண்டை இருக்கும். இப்போது சண்டைக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று தலைமை ஆசிரியர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்பதும் தெரியும். நீ நம்பவில்லை, அது வேறு விஷயம்.

இந்த வாசனை வந்தால் எனக்கு நெம்மேலிதான் ஞாபகம் வரும். அந்த வைகாசி மத்தியானம். சவுக்குத் தோப்பு ஓரமாக மூக்கைத் தரையில் வைத்துப் படுத்த மாதிரி நின்ற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் அக்கா வைத்த நெத்திலிக் குழம்பு. போன் அடித்தது. டிரைவர் டேவிட். நீ கையை நக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாய்.

"அண்ணாத்த, நெம்மேலில நிக்கிறேன். சூடு லைட்டு எரிஞ்சிச்சு. ஒடனே ஓரங்கட்டிட்டேன், ஒரு நிமிஷம் கூட ஓட்டல. மொதலாளிக்கு போன் பண்ணி சொன்னா, எங்கடா இட்ச்சன்னு கேக்கறாரு. நான் எங்கயும் இடிக்கல அண்ணாத்த. சத்தியமா இடிக்கல."

"இப்ப அவரு எங்க கீறாரு?"

"மகாபலிபுரத்துல. அங்க வேலய முடிச்சிகினு வந்துடறேன்னாரு. மூக்குல ஒரு கீறல் இருந்தாலும் சாவிய குட்த்துட்டு பஸ் ஏறிடுன்னு சொல்லிட்டாரு."

நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாய். குழம்பை அப்படிப் பாதியில் விட்டு நீ எழுந்து நான் பார்த்ததில்லை.

டேவிட்டை நமக்கு ரொம்ப நாளாகத் தெரியும். திருப்போரூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற காலனிப் பையன், அவர்கள் குடும்பத்தில் முதல் டிரைவர். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவன் ஸ்டியரிங் பிடித்ததில் அந்த வீட்டுக்கே ஒரு நிமிர்வு. இதற்கு முன்னால் ஒரு கம்பெனி வேன் ஓட்டினான். நின்றிருந்த வேனை யாரோ பின்னால் வந்து இடித்துவிட்டுப் போக, இவன்தான் இடித்தான் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஈசிஆரில் எந்த முதலாளியும் இவனை நம்பிச் சாவி கொடுக்கவில்லை. நீதான் இந்தச் சிவப்புக் கார் முதலாளியிடம் பேசி, 'என் ஆளு, நான் கேரண்டி' என்று சேர்த்துவிட்டாய். இன்னொரு தடவை 'இடித்தவன்' என்று பெயர் வந்தால் அத்தோடு சரி. அப்புறம் அவன் கையில் ஆட்டோ சாவி கூட யாரும் தரமாட்டார்கள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், போனில் அவன் மூச்சு வாங்கிய வாங்கலைக் கேட்டால் அவனுக்கும் தெரியும்.

முதலாளியைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஓஎம்ஆர் பக்கம் பிளாட் போட்டு முன்னுக்கு வந்த மனுஷர். கார் செகண்ட் ஹாண்ட்தான், ஆனால் அவருக்கு அது பெற்ற பிள்ளை. அன்று சாயங்காலம் மகாபலிபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் மகளுக்கு வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தச் சிவப்புக் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த டென்ஷனில் இருந்தவரிடம் கார் நின்றுவிட்டது என்றால் என்ன ஆகும்?

பைக்கை நான்தான் ஓட்டினேன். கால்வாய்ப் பாலத்தில் இரண்டு சக்கரமும் தரையில் படவில்லை. நீ பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, அவனக் காப்பாத்தப் போறோம், நம்ம காரியத்துக்கு ஆள் கூப்பிட வெச்சிடாத" என்று கத்திக்கொண்டே வந்தாய்.

டேவிட் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நம்மைப் பார்த்ததும் மூக்குப் பக்கம் கூட்டிப்போய்க் குனிந்து காட்டினான். "பாருங்க மாமா, ஒரு கீறல் இல்ல. பாருங்க."

உண்மையிலேயே கீறல் இல்லை. ஆனால் அந்த மாதிரிக் கார்களுக்கு அடிவயிறு தரையோடு ஒட்டியிருக்கும். வெளியே தெரியாமல் அடியில் பட்டிருந்தால்? அதை நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. டேவிட் மட்டும் நம் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

துபாயில் ஷேக்கின் வண்டிகளை எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பது ஊருக்குத் தெரிந்த கதை. அதனால் முன்னே போய் நின்று, ஒரு தட்டு தட்டி, முன் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு தாம்பாளத் தட்டும் மாலைப் பையும் இருந்தன. என்ஜின் இல்லை.

"தேடு மாமா, அடியில கீதான்னு பாரு" என்றாய் நீ, சிரிக்காமல். பின்னால் போய் மூடியைத் தூக்கினாய். என்ஜின் அங்கே இருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. தாம்பாளம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

கூலன்ட் டப்பாவில் ரோஸ் நிறத் தண்ணீர் அடியோடு இறங்கியிருந்தது. நான் மூடியில் கை வைத்தேன். நீ என் கையில் ஒரு அடி போட்டாய், சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டது. "வெந்துடும். ஆறட்டும்."

"அவரு வந்துடுவாருடா."

"வரட்டும். உன் மூஞ்சி வேணும்ல நமக்கு, கதை சொல்ல."

மச்சான், வாழ்க்கையில் நான் அப்படி ஒரு காத்திருப்பைப் பார்த்ததில்லை. முதலாளியின் ஜீப் வெள்ளை; ரோட்டில் வெள்ளை ஜீப் எது வந்தாலும் டேவிட் எழுந்து நிற்பான். அது போய்விடும், உட்காருவான். எதிர்ப்பக்கம் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற ஆலை. டேவிட் பக்கத்து வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தான். நீ விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே ஊற்றிவிட்டாய். "உப்பு. இத்த ஊத்துனா உள்ள எல்லாம் தின்னுடும். கேன் தண்ணி வாங்கிகினு வா." ஊருக்கே கடலை இனிக்க வைத்து அனுப்புகிற நெம்மேலியில், ஒரு வண்டிக்கு நல்ல தண்ணீர் கடையில் வாங்க வேண்டியிருந்தது.

என்ஜின் ஆறியது. நீ பெட்டியிலிருந்து அந்தப் பழைய மூடியை எடுத்தாய். கூலன்ட் டப்பா மூடி மாதிரிகளை எல்லாம் சேர்த்து வைத்து, நடுவில் ஓட்டை போட்டு, சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தி வைத்திருப்பாயே, அதில் ஒன்று. கொஞ்சம் ரப்பர் சுற்றினால் இந்தக் காருக்கும் பொருந்தியது. அதில் கால் பம்ப்பை மாட்டிக் காற்றடித்தால், சூடு இல்லாமலே உள்ளே அழுத்தம் ஏறும். கசிவு எங்கே இருந்தாலும் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நீ வைத்திருந்த மருந்துதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலம். ஒவ்வொரு குழாய் இணைப்பாகத் துடைத்து, விபூதியைத் தூவி விடுவாய். எங்கே ஒரு பொட்டு ஈரம் வந்தாலும் வெள்ளை கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

டேவிட் ஒரு அடி பின்வாங்கினான். "அண்ணாத்த, எனக்குப் பூசிடாதீங்க, ஞாயித்துக்கெழம ஃபாதர் பாத்தாருன்னா..."

"உனக்கு இல்லடா. வண்டிக்கு."

அந்தப் பதற்றத்திலும் மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நான் பம்ப்பை மிதித்தேன். பம்ப் மீட்டரில் முள் ஏறியது. நீ "போதும்" என்றாய். நிறுத்தினேன்.

முள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. யாரோ மெதுவாக இழுப்பது போல இறங்கியது. ஆனால் என்ஜினைச் சுற்றித் தூவிய விபூதி அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு துளி கறுக்கவில்லை. மறுபடி மிதித்தேன். மறுபடி இறங்கியது. தண்ணீர் போகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை.

"அப்ப முன்னாடிதான்" என்றாய். குரல் இறங்கியிருந்தது.

என்ஜின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர் முன் மூக்கில்தான் என்று விளக்கினாய். நீளமாக அடியில் குழாய் போகிறது. முன்னால் கசிந்தால், அடித்தகட்டில் தேங்கிக்கொள்ளும், ரோட்டில் சொட்டாது. ஆனால் முன்னால் என்றால், மூக்கு. மூக்கு என்றால், இடித்தது. டேவிட் கையைக் கட்டிக்கொண்டான். அவ்வளவு நேரம் 'இடிக்கல இடிக்கல' என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அப்போதுதான் தனக்கே சந்தேகம் வந்தவன் மாதிரி நின்றான். எந்த வேகத்தடை, எந்தப் பள்ளம் என்று உள்ளே ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

நீ மல்லாந்து காருக்கு அடியில் போனாய். தலை மட்டும் உள்ளே, கால் ரோட்டில். அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றக் கழற்ற ரோஸ் தண்ணீர் உன் கழுத்தில் வழிந்தது. அந்த வாசனை குப்பென்று எழுந்தது. "இடது மூல" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "தகட்டுல அடிபட்ட தடம் இல்ல. டேவிட்டு, கேக்குதா? தடம் இல்ல. ஆனா மூல ஈரமா கீது."

நான் இடது பக்கம் பம்பர் ஓட்டைக்குள் கையை விட்டேன். அந்தக் கார்களுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் காற்று போக வாய் மாதிரி இருக்கும், குறுக்கே கறுப்பு வலை. ஏசிக்கான தகடு முடிகிற இடத்துக்கும் பம்பருக்கும் நடுவில் ரேடியேட்டரின் ஓரம் விரல் அகலத்துக்குத் தெரியும். அங்கே விட்டேன் விரலை. சுருக்கென்று குத்தியது. பாம்பு என்று நினைத்தேன். நாகப்பாம்பாகக் கூட இருந்திருக்கலாம், அந்தத் தோப்பில் இல்லாததா. கையை இழுத்தால் விரலில் ரத்தம். கூடவே வலையோரம் ஏதோ ஆடியது.

காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம். சுருங்கின மிளகாய்க் காம்பு. அதைக் கட்டியிருந்த கட்டுக்கம்பி.

ஆக, கண்டுபிடித்தது நான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். நீ ஒரு நாளும் மறுத்ததில்லை. விரலில் தழும்பு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நீ வெளியே வந்து அந்தக் கம்பியை வெட்டி எடுத்தாய். வலையில் இரண்டு சுற்று, பிறகு முறுக்கு, முறுக்கிய முனையை வெளியே விடாமல் உள்ளே மடக்கியிருந்தது. அந்த முனை ரேடியேட்டர் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. வண்டி ஓட ஓட, அதிர அதிர, பொங்கலிலிருந்து வைகாசி வரைக்கும் அராவி அராவி ஊசி முனையளவு ஓட்டை போட்டுவிட்டது.

டேவிட் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப நான் இல்ல. அண்ணாத்த, நான் இல்ல."

நீ கம்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த மடிப்பையே பார்த்தாய். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீ தற்பெருமை பேசுகிற ஆள் இல்லை. அந்தத் துறையை எனக்கே விட்டுவிட்டாய். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பேசுவாய். கோயிலில் பூஜை போட்டுவிட்டு நேராக நம் பட்டறைக்கு வருவார்கள், எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லி. மற்றவர்கள் கம்பியை முறுக்கி முனையை நீட்டிக்கொண்டிருக்க விட்டுவிடுவார்கள். நீ மடக்கி உள்ளே தள்ளுவாய். "வண்டி தொடைக்கிறவன் கை கிழியக் கூடாது மாமா. பாரு, இதான் முடிச்சு. கண்ண மூடிகினு தடவு, குத்துதா?" என்பாய். பழைய பஸ்ஸுக்கும் லாரிக்கும் அந்த முடிச்சு சரி, வலைக்குப் பின்னால் ஒரு முழம் இடம் இருக்கும். இந்தக் காரில் அந்த இடம் இல்லை. பொங்கலன்று முதலாளி பூஜை முடித்து வந்து நின்றபோது அதைக் கட்டியது நீ. பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

"மச்சான்" என்றேன்.

"அப்புறம் பேசு. மொதல்ல அடைக்கணும்."

வேலையைத் தொடங்கினாய். அலுமினியம், அங்கே வைத்துப் பற்றவைக்க முடியாது. பிளேடால் ஓட்டையைச் சுற்றியிருந்த மெல்லிய தகடுகளைச் சீவி எடுத்தாய். அந்த ஒரு குழாயை மட்டும் வெட்டி, இரண்டு முனையையும் மூக்குக் குறடால் நசுக்கிச் சுருட்டினாய், பீடிக்கு முனை மடிப்பது போல. இத்தனை குழாயில் ஒன்று போனால் மற்றவை சமாளிக்கும். மேலே, இரண்டு உருண்டையைக் கலந்தால் கல்லாகிற பசையைப் பிசைந்து அப்பினாய். அது இறுகும் வரைக்கும் வெயிலில் விட வேண்டும். விரலில் கொஞ்சம் பசையை உருட்டி வைத்துக்கொண்டு, அது கல்லாகிறதா என்று நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்தாய். இன்னும் களிமண்ணாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

முதலாளி பட்டு வேட்டியில் இறங்கினார். நெற்றியில் சந்தனம் வேர்வையில் வழிந்திருந்தது. கழற்றிப் போட்ட அடித்தகட்டைப் பார்த்தார். வெட்டின ரேடியேட்டரைப் பார்த்தார். டேவிட்டைப் பார்த்தார்.

"எங்கடா இட்ச்ச?"

டேவிட் நம்மைப் பார்த்தான். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முன்னே போய்விட்டேன். கதை சொல்ல வேண்டிய இடத்தில் நான் எப்போது பின்தங்கியிருக்கிறேன்? "அண்ணாத்த, இடியும் இல்ல, கிடியும் இல்ல. கல்லு. எம்சாண்டு, ஜல்லி ஏத்துன லாரி போச்சு பாருங்க, அதுல இருந்து தெறிச்ச கல்லு. தோட்டா மாதிரி வந்து பூந்துட்டுகீது. துபாய்ல கூட ஷேக்கு வண்டில இதே மாதிரி..."

நல்ல கல் அது, மச்சான். பம்பரில் கீறல் இல்லாமல் வலைக்குள் புகுந்து, சரியாக ஒரே ஒரு குழாயை மட்டும் துளைத்து, தடம் இல்லாமல் போய்விட்ட கல். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவரும் நம்பினார். அதுதான் தப்பாகப் போனது.

"லாரியா?" என்று டேவிட் பக்கம் திரும்பினார். "கல்லு தெறிக்கிற அளவுக்கு லாரி பின்னால ஒட்டிகினு ஓட்னியா? இன்னிக்கு? என் பொண்ணு ஏற வேண்டிய வண்டிய?"

"இல்ல மொதலாளி, நான் லாரி பின்னால..."

"அது எதிர்ல வந்த லாரி அண்ணாத்த" என்றேன்.

"எதுர்ல வர்ற லாரி தெரியாம பக்கத்துல வுட்டானா?"

நான் இழுத்த இழுப்புக்கெல்லாம் கயிறு டேவிட் கழுத்தில் இறுகியது. முதலாளி கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி, அப்படியே. "சாவி."

டேவிட் சாவியை எடுத்தான். அதில் அவன் மாட்டியிருந்த சின்னச் சிலுவையைக் கழற்ற முயன்றான். வளையம் பிரியவில்லை. நகத்தால் நெம்பிக்கொண்டே நின்றான். ரோட்டில் பஸ் போனது. என்னிடம் அப்போது சொல்வதற்கு வேறு கதை இல்லை. ஆமாம், எனக்குத்தான். ஒன்று கூட வரவில்லை.

"மாமா, நீ தள்ளு" என்றாய்.

முன்னே வந்து, அந்தக் கம்பியை, காய்ந்த எலுமிச்சம்பழத்தோடு, நீட்டியிருந்த அவர் கையில் வைத்தாய்.

"கல்லு இல்ல அண்ணாத்த. இதுதான் அராவி ஓட்ட போட்டுது. நான்தான் கட்டுனேன்."

அவ்வளவுதான் சொன்னாய். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நான் உன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன், நீ கையைத் தட்டிவிட்டாய். பட்டறை பெயர் போனது என்று நினைத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் திருப்போரூரில் நமக்கு ஒரு வண்டி வராது.

முதலாளி கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்த முனையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு, "அன்னிக்கு இறுக்கிக் கட்டு, ஆடக் கூடாதுன்னு நான்தான சொன்னேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நீ தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"ஓடுமா?"

நீ விரலில் இருந்த பசை உருண்டையை நகத்தால் அழுத்தினாய். டக்கென்று சத்தம் வந்தது. "இறுகிடுச்சி. மகாபலிபுரம் வரைக்கும் போவும். நான் கூட வரேன். சூடு காட்ற முள்ளு ஏறுச்சுன்னா நானே நிறுத்திடுவேன்."

"நீ ஓட்டுறியா?"

"இல்ல. அவன்தான் ஓட்டுவான். அவன் சரியா நிறுத்துனதாலதான் என்ஜினு பொழச்சுது. வேற எவனா இருந்தா ஓட்டிகினு போயி வெடிக்க வெச்சிருப்பான்."

முதலாளியின் கை இறங்கியது. டேவிட் சாவியைத் திரும்பப் பையில் போட்டான், சிலுவையோடு.

கேன் தண்ணீரும் மிச்சமிருந்த கூலன்ட்டும் ஊற்றி, காற்றை வெளியேற்றி, அந்த வால்வு மூடியை மாட்டி மறுபடி மிதித்துப் பார்த்தோம். முள் நின்றது. மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு, அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மகாபலிபுரம் வரைக்கும் நான் ஜீப்பில் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். முன்னால் சிவப்புக் கார் மாட்டுவண்டி வேகத்தில் போனது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரேக் விளக்கு எரியும், முதலாளி கதவுக் கைப்பிடியை இறுக்குவார். அந்த வழி முழுவதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "துபாய்ல நெஜமாவே ஷேக்கு வண்டி பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாத்த" என்றேன். பார்த்தேன்தான், மச்சான். நிறையப் பார்த்தேன்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் போய் இறங்கினார்கள். கதவைத் திறந்துவிட்டது டேவிட். நாம் ஓட்டல் மதில் ஓரம் நின்று பார்த்தோம். உன் கழுத்தெல்லாம் ரோஸ் கறை காய்ந்து பிசுபிசுத்தது. ஈ மொய்த்தது. "பாயசம் ஊத்திகினு வந்த மாதிரி கீற" என்றேன். நீ சிரிக்கவில்லை. "லாரிக்குப் பழக்கமான கை மாமா" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு முதலாளி அந்தக் காரை நம்மிடம் கொண்டு வரவில்லை. சென்னையில் எங்கோ விடுகிறார். நம்மைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவும் இல்லை. டேவிட் இன்னும் அங்கேதான். போன மார்கழியில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சு நின்றுபோன அன்று, வீட்டுக்குக் கொண்டுவர வண்டி ஓட்டியவன் அவன்தான். வழி நெடுக ஒரு குலுக்கல் இல்லை. வேகத்தடையில் எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஏற்றினான். உன் அக்கா பின்னால் அழுதுகொண்டே, "யாரு ஓட்டறது, என் தம்பி தூங்கற மாதிரி இருக்கான் பாரு" என்றாள்.

டீக்கடையில் இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கதையில் கார் இப்போது முன்னைவிட வேகமாகப் போகிறது. முதலாளி ஜீப்பில் தனியாக வருவதில்லை, அடியாட்களோடு வருகிறார். பாம்பு நிஜமாகவே வந்துவிட்டது, நாகம்தான். டேவிட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொல்வான். எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அந்த நீட்டிய கைக்கு வரும்போது மட்டும், 'நான்தான் கட்டுனேன்' என்பதை நானே சொன்னதாகச் சொல்லிவிட ஆசை வரும். நீயும் இல்லை, யார் கேட்கப் போகிறார்கள்? ஆரம்பித்தும் பார்த்தேன். நாக்கு திரும்பவில்லை. அதனால் அதை உனக்கே விட்டுவிடுகிறேன். நீ சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை கூட்டாமல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கோயிலில் இருந்து ஒரு புதுக் கார் வந்துவிட்டது. சக்கரமெல்லாம் சந்தனம். இளவயதுத் தம்பதி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கொண்டுவந்து நீட்டினார்கள். எழுந்து போய், சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்தேன். அந்த வைகாசிக்குப் பிறகு நீ கம்பியைத் தொடவில்லை. உன் பையில் இருந்த அந்தக் கண்டு இப்போது என் பையில் இருக்கிறது. ஒரு சுற்று சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, முனையை வெளியே தொங்கவிட்டேன்.

அந்தத் தம்பி இழுத்துப் பார்த்தான். "இன்னா பெருசு, வெறும் நூலு. அறுந்துடாதா?"

"அறுந்தா எலுமிச்சம்பழம்தாம்பா போவும்" என்றேன்.

வேன் ஆறிவிட்டது. போய் மூடியைத் திறக்கிறேன்.